செம்புக் கம்பியும் கண்ணாடி இழையும்

கடலூர் மாவட்டத்தில் வடலூருக்கு அணித்தே அமைந்துள்ள ஊர் நெய்வேலி. முந்திரியும் பலாவும் செழித்து வளரும் அந்நிலப் பகுதியின் அடியில் பழுப்பு நிலக்கரி மண்டிக் கிடத்தலை முதன்முதல் வெளிப்படுத்தியது ஒரு கிணறே ஆகும். கடந்த நூற்றாண்டின் முப்பதுகளில், ஜம்புலிங்க முதலியார் என்பாரின் நிலத்துக் கிணற்றில் நீரோடு கரிய பொருளொன்று கலந்து வந்தது. அதுவே பின்னாளில் ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று. 1956ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1957ஆம் ஆண்டு மே திங்கள் 20ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். சோவியத்து நாட்டின் துணைகொண்டு எழுப்பப்பட்ட அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் வழங்கத் தலைப்பட்டது. அந்நிறுவனம் 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்னும் பெயரோடு இயங்கி வருகின்றது.

சுரங்கத்திலும் மின்நிலையங்களிலும் உழைப்போர் வாழ்வதற்கென அமைக்கப்பட்டது நெய்வேலி நகரியம். வட்டம் என்றும் பிளாக் என்றும் வழங்கப்பெறும் பகுதிகளாக அது வகுக்கப்பட்டுள்ளது. நேரிய சாலைகளும், இருமருங்கும் நிழல் தரும் மரங்களும், வரிசை வரிசையான வீடுகளும் அதற்கு அழகு சேர்க்கின்றன. அவ்வீடுகளைக் குவார்ட்டர்ஸ் என்பர். அவற்றிற்கு ஒரு தனித்தன்மை உண்டு. வாழ்பவர் வீட்டுக்கு உரியவர் அல்லர். பணியில் உள்ள வரையில் அங்கே குடியிருப்பார். ஓய்வு பெற்றபின் வீட்டை ஒப்படைத்து வெளியேறுவார். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் இருமுறை எண்ண வேண்டிய வீடு அது. இச்செய்தியை மாணவர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. பின்வரும் கணக்குகளில் இது மீண்டும் தலைகாட்டும்.

இக்காலத்தில் வீடு என்றால் குடிநீர், மின்சாரம் ஆகியவற்றோடு இணைய இணைப்பும் வேண்டற்பாலதாயிற்று. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயின் பொருட்டுப் பள்ளிகள் அடைக்கப்பட்டபோது, வகுப்பறையே கைப்பேசித் திரைக்குள் வந்து புகுந்ததை யாரும் மறந்திரார். விரைவான இணைய இணைப்பிற்கு அகலக்கற்றை என்று பெயரிட்டுள்ளனர். கற்றை என்பது கூந்தலுக்கும் கதிருக்கும் உரிய பழஞ்சொல். அது செய்தித் தொடர்புக்கும் பொருந்தி வந்தது தமிழின் நற்பேறே. ஆயினும் எவ்வளவு அகலமுடையது அகலக்கற்றை என்பதில் அரசின் அளவுகோல் மாறிக்கொண்டே வந்துள்ளது. 2004இல் நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அகலக்கற்றை எனப்பட்டது. 2023இல் அது குறைந்தது 2 மெகாபிட் ஆக உயர்த்தப்பட்டது. அதுவும் சட்டத்தின் கீழெல்லையே. இன்றைய இல்லங்கள் அதனைப் போலப் பன்மடங்கு வேகத்தை வேண்டி நிற்கின்றன.

நெய்வேலியின் ஒரு வட்டத்தில் வாழும் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தையார் சுரங்கப் பணியாளர்; இன்னும் ஒன்பது திங்களில் ஓய்வு பெறவிருப்பவர். ஓய்வுக்குப்பின் பண்ருட்டியில் உள்ள சொந்த வீட்டிற்குச் செல்ல எண்ணியுள்ளார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்குக் காத்திருப்பவள். தமிழ்நாட்டில் அக்கலந்தாய்வு 2018 முதல் இணையவழியே நடைபெறுகின்றது. மாணவர் தமக்கு வேண்டிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் குறித்த நாள்களுக்குள் வரிசைப்படுத்திப் பதிதல் வேண்டும். நாள் தவறினால் இடம் தவறும். வீட்டில் தாயாரும் பாட்டியாரும் உளர். பாட்டியாருக்கு இணையத்தோடு தொடர்பில்லை. கூடத்து மூலையில் உள்ள பழைய தொலைபேசியே அவருக்கு உலகம்.

அவ்வீட்டில் இருப்பது செம்புக் கம்பி வழியே வரும் இணைப்பு. மழை பெய்தால் அது தளரும். சில நாள் முற்றும் நின்றுவிடும். அந்நிலையில் ஒரு நாள் மாலை, புதிய நிறுவனம் ஒன்றின் துண்டறிக்கை வாயிற்கதவில் செருகப்பட்டிருந்தது. கண்ணாடி இழை வழியே நொடிக்கு 100 மெகாபிட் வரை வேகம், திங்களுக்கு 600 ரூபாய், ஓராண்டுக்கு முன்பணம் கட்டுவோர்க்கு இரண்டு திங்கள் இலவசம் என்று அதில் அச்சிட்டிருந்தனர்.

"அப்பா, நேற்று மழை தொடங்கியதும் இணையம் நின்றுவிட்டது. கல்லூரிப் பட்டியலைப் பதியும் நாளில் இவ்வாறு நேர்ந்தால் என்ன செய்வது?" என்றாள் மகள்.

"உன் அச்சம் நியாயமானதே அம்மா. ஆனால் ஒன்பது திங்களில் நாம் இவ்வீட்டை விட்டுச் செல்வோம். ஓராண்டுப் பணத்தைக் கட்டிவிட்டு இடையில் போவது எங்ஙனம்?" என்றார் தந்தையார்.

பாட்டியார் வேறொன்று கூறினார்: "வடலூரில் இருக்கும் என் தம்பிக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இந்தத் தொலைபேசி எண் ஒன்றுதான். நீங்கள் கம்பியை மாற்றுங்கள், கயிற்றை மாற்றுங்கள். எண்ணை மட்டும் மாற்றிவிடாதே அப்பா."

மூவர் கூற்றிலும் பொருள் உண்டு. அவற்றை எடை போடுவதற்கு முன், செம்பு எவ்வாறு செய்தியைச் சுமக்கின்றது, கண்ணாடி எவ்வாறு சுமக்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

தொலைபேசி நிலையத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இணைச் செம்புக் கம்பி செல்கின்றது. மனிதக் குரலைக் கொண்டு செல்வதற்கென்றே அஃது இடப்பட்டது. பின்னாளில் அறிஞர், குரலுக்கு வேண்டாத உயர் அதிர்வெண்களை அக்கம்பியிலேயே ஏற்றி, இணையச் செய்தியையும் அதன்வழி அனுப்பக் கற்றனர். பழைய கம்பிக்குப் புதிய வேலை கொடுத்த அவ்வுத்தி பாராட்டற்குரியதே. ஆனால் உயர் அதிர்வெண் உடைய மின்னலை செம்பில் விரைந்து தேயும். நிலையத்திற்கு அருகிலுள்ள வீட்டுக்கு அம்முறையில் நொடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேலும் கிட்டலாம். நான்கைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீட்டுக்கோ சில மெகாபிட்டே எஞ்சும். கம்பிகளை இணைத்த முடிச்சுகளில் நீர் புகுந்தால் உள்ளதும் குறையும். மகள் கண்ட மழைநாள் தளர்ச்சிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இடி மின்னல் வேளையில் செம்புக் கம்பி மின்பாய்ச்சலை வீட்டுக்குள் கொணர்ந்து மோடத்தைக் கருக்கிவிடுவதும் உண்டு.

கண்ணாடி இழையின் வரலாறு இதனினும் சுவையானது. 1840களின் தொடக்கத்தில் ஜெனீவா நகரில் கொலாடன் என்னும் அறிஞர், பாத்திரத்தின் துளையிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்திக் காட்டினார். நேரே செல்லும் இயல்புடைய ஒளி, நீர்த்தாரையின் வளைவோடு தானும் வளைந்து விழுந்தது கண்டு அவையோர் வியந்தனர். 1854இல் இலண்டனில் டிண்டால் என்பாரும் இதனைச் செய்து காட்டினார். உண்மையில் ஒளி வளையவில்லை. நீரின் உட்புறத்து விளிம்பில் சாய்வாகப் பட்ட ஒளி வெளியேற இயலாது உள்ளேயே எதிரொளித்து, மீண்டும் மறுபுறத்து விளிம்பில் பட்டு எதிரொளித்து, இவ்வாறே முன்னேறிச் சென்றது. இதனை முழு அகப் பிரதிபலிப்பு என்று இயற்பியல் பாடத்தில் மாணவர் படித்திருப்பர்.

நீருக்குப் பதிலாகக் கண்ணாடியை மெல்லிய இழையாக நூற்று அதனுள் ஒளியைச் செலுத்தும் முயற்சியில் ஓர் இந்தியர்க்குச் சிறந்த இடம் உண்டு. பஞ்சாபின் மோகா என்னும் ஊரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டின் வழியே உருவத்தையே கடத்திக் காட்டி, அதனை 1954இல் வெளியிட்டார். இத்துறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைப் பரப்பியவரும் அவரே. ஆயினும் அக்காலத்துக் கண்ணாடியில் மாசு மிகுதி. சில மீட்டர் தொலைவுக்குள் ஒளி மங்கிவிடும். மருத்துவர் வயிற்றின் உட்புறத்தை நோக்குதற்கு அது போதும். ஊருக்கு ஊர் பேசுதற்குப் போதாது.

குறை கண்ணாடியின் இயல்பில் இல்லை, அதிற் கலந்த மாசில் உள்ளது என்று 1966இல் எடுத்துக் கூறியவர் சீன நாட்டிற் பிறந்து இங்கிலாந்தில் ஆய்வு செய்த சார்லஸ் காவ். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே செய்தித் தொடர்புக்குப் போதும் என்று அவர் கணக்கிட்டார். அந்த ஒரு பங்கும் அன்று எட்டாக்கனியாக இருந்தது. நான்கே ஆண்டுகளில், 1970இல், அமெரிக்கக் கார்னிங் நிறுவனத்தின் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் என்னும் மூவர் அவ்வெல்லையைக் கடந்தனர். இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஒளி எஞ்சுகின்றது. நூற்றில் ஒரு பங்காகக் குறைய நூறு கிலோமீட்டர் செல்ல வேண்டும். காவ் 2009இல் நோபல் பரிசு பெற்றார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்து கிட்டிய பரிசு அது!

வீட்டுக்கு வரும் இழையின் கண்ணாடி, உறை நீங்கலாக, ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிப்பே உடையது. அதன் நடுவே ஒளி செல்லும் உட்கருவோ தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. அதில் ஓடும் ஒளி கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி ஆகும். புலனாகவில்லை என்பதால் அறுந்த இழையின் முனையைக் கண்ணருகே வைத்து நோக்குதல் கூடாது. கண்ணுக்குத் தீங்கு நேரலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். ஒளி மின்சாரத்தினும் விரைந்து செல்வதால் இழை இணையம் விரைவானது என்று பலர் கருதுகின்றனர். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்கின்றது. செம்புக் கம்பியில் செல்லும் குறியலையும் இதற்கு மிகவும் பின்தங்கியது அன்று. வேறுபாடு ஓட்டத்தில் இல்லை, சுமையில் உள்ளது. ஒற்றையடிப் பாதையில் நடப்பவரும் அகன்ற சாலையில் நடப்பவரும் ஒரே விரைவில் நடக்கலாம். ஆனால் ஒரு நாழிகையில் சாலையைக் கடக்கும் மக்கள் தொகை மிகுதி அன்றோ? மேலும் இழைக்கு நிலையத்துத் தொலைவு ஒரு பொருட்டன்று. மழைநீர் அதன் ஒளியைக் குலைப்பதில்லை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதாகலின் மின்னல் அதன்வழி வீட்டுக்குள் வாராது.

இவ்வளவும் படித்த ஒருவர், உடனே இழைக்கு மாறுவதே தக்கது என்று முடிவு கட்டுவார். அவசரம் வேண்டா. துண்டறிக்கையின் சொற்களைச் சற்று உற்று நோக்குவோம்.

"100 மெகாபிட் வரை" என்பதில் உயிர்நாடியான சொல் "வரை" என்பதே. அது மேலெல்லையைச் சுட்டுமேயன்றி உறுதியைச் சுட்டாது. நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை, மின்சாரம் வேண்டாத ஒரு சிறு பிரிப்பானால் 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பகிரப்படுகின்றது. பரவலாக உள்ள அமைப்பில் அவ்விழையின் மொத்தக் கொள்ளளவு நொடிக்கு ஏறத்தாழ 2500 மெகாபிட். முப்பத்திரண்டு வீட்டாரும் ஒரே நொடியில் முழுமூச்சாகப் பயன்படுத்தினால் வீட்டுக்கு 78 மெகாபிட் கிட்டும். அறுபத்து நான்கு வீடாயின் அதிற் பாதி. எல்லாரும் ஒரே வேளையில் அவ்வாறு பயன்படுத்துதல் அரிது. எனவே பெரும்பாலும் இடர்ப்பாடு இழையில் இராது. நிறுவனம் தன் நிலையத்திற்கு அப்பால் வெளியுலகோடு எவ்வளவு கொள்ளளவை விலைகொடுத்துப் பெற்றுள்ளது என்பதில் இருக்கும். அதனைத் துண்டறிக்கை சொல்லாது. இரவு ஒன்பது மணிக்கு அண்டைவீட்டாரின் இணைப்பைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆதலின் 100 மெகாபிட் என்பது நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டே ஆகும். 1000 மெகாபைட் அளவுள்ள பாடக் காணொளி ஒன்றை அவ்வேகத்தில் இறக்க 80 நொடி போதும். 10 மெகாபிட் வேகத்தில் 800 நொடி, அஃதாவது பதின்மூன்று நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். கல்லூரிப் பட்டியலைப் பதிவதற்கோ இவ்விரண்டில் எதுவும் வேண்டா. அதற்குச் சிறு வேகமே போதும், ஆனால் அற்றுப்போகாத வேகம் வேண்டும். மகளின் தேவை விரைவு அன்று, உறுதிப்பாடு என்பது இதனாற் பெறப்படும். விரைவையும் உறுதிப்பாட்டையும் ஒன்றெனக் கொள்வதே இவ்வகைப் பொருள்களை வாங்குவோர் பலர் செய்யும் பிழை.

வீட்டுக்குள் வந்த வேகம் அறைதோறும் அப்படியே பரவும் என்பதும் இல்லை. ரூட்டரிலிருந்து வைஃபை அலை இரு வகையாக வெளிப்படுகின்றது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஊடுருவும் ஆற்றல் மிக்கது, வேகம் குறைந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் மிக்கது. தடித்த சுவரைக் கண்டால் சோர்வது. கூடத்தில் ரூட்டரை வைத்துப் பின்கட்டு அறையில் அமர்ந்து, இணைப்பு சரியில்லை என்று நிறுவனத்தை நோவதில் பயனில்லை. ரூட்டரோடு கம்பி வழியே கணிப்பொறியை இணைத்துச் சோதித்துப் பார்த்த பின்னரே குறை யாரிடத்தது என்று கூற இயலும்.

இனிக் கட்டணம். 600 ரூபாய் என அச்சிட்டிருப்பினும், அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. ஆகவே திங்களுக்கு 708 ரூபாய். ஓராண்டு முன்பணம் 8496 ரூபாய். அதற்குப் பதினான்கு திங்கள் இணைப்பு. பதினான்கு திங்களும் பயன்படுத்தினால் திங்களுக்கு ஏறத்தாழ 607 ரூபாயே ஆகும், நல்ல ஆதாயம்தான். ஆனால் இக்குடும்பம் அவ்வீட்டில் இருக்கப்போவது ஒன்பது திங்கள். ஒன்பது திங்களுக்கு 8496 ரூபாய் என்றால் திங்களுக்கு 944 ரூபாய். திங்கள்தோறும் கட்டினால் ஒன்பது திங்களுக்கு 6372 ரூபாய் ஆகும். இலவசம் என்று அச்சிட்ட சலுகையால் 2124 ரூபாய் இழப்பு! இடம் மாறும்போது எஞ்சிய திங்கள்களைப் புதிய ஊருக்குக் கொண்டு செல்லலாமா என்று கேட்டறிதல் வேண்டும். நிறுவனத்தின் இழை அவ்வூரில் இல்லையேல் அவ்வாய்ப்பும் இல்லை. சொந்த வீட்டில் வாழ்வார்க்கு ஆதாயமாகும் திட்டம், குவார்ட்டர்ஸில் வாழ்வார்க்கு இழப்பாவது இவ்வாறுதான்.

ரூட்டர் நிறுவனத்துக்கு உரியதா, வாங்குவோர்க்கு உரியதா. அமைப்புக் கட்டணம் உண்டா. காப்புத்தொகை எப்போது திரும்பக் கிட்டும். குறித்த அளவுக்கு மேல் பயன்படுத்தினால் வேகம் குறைக்கப்படுமா என்பனவற்றையும் எழுத்தில் பெறுதல் நன்று. வாய்மொழி காற்றோடு போகும். சுவரில் துளையிடுதற்கு நகரிய அலுவலகத்தின் இசைவு வேண்டுமா என்பதைக் குடியிருப்பவரே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இழை போட வருபவர் அதைப்பற்றிக் கவலைகொள்ளார்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பழைய தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்னழுத்தம் தொலைபேசி நிலையத்து மின்கலங்களிலிருந்தே செம்புக் கம்பி வழியாக வந்தது. அதனால் வீட்டில் விளக்கு அணைந்தபோதும் தொலைபேசி ஒலித்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைச் சுமவாது. வீட்டில் மின்சாரம் நின்றால் இழைப்பெட்டியும் ரூட்டரும் நிற்கும். அவற்றோடு இணைந்த தொலைபேசியும் ஊமையாகும். மின்சாரத்தை ஊருக்கெல்லாம் வழங்கும் நெய்வேலியில் இக்கவலை எதற்கு என்று கேட்கலாம். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கிய தானே புயலை அம்மாவட்டத்தார் அறிவர். மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து மாவட்டத்தின் ஊர்கள் பல இருளில் ஆழ்ந்தன. மின்சாரம் பிறக்கும் இடம் அருகே இருப்பதனால் மட்டும் அதனை வீட்டுக்குக் கொணரும் கம்பி அறுபடாதிருக்குமா? ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கி வைத்தால் சில மணி நேரம் தாங்கும். தெருவோரக் கம்பங்களின்மேல் தொங்கவிடப்படும் இழை, மரக்கிளை விழுந்தால் அறும் என்பதையும் மறத்தல் ஆகாது. அணிலின் பல்லும் அதற்குப் பகையே.

அறுந்த இழையை ஒட்டுதல் கம்பியை முறுக்கிக் கட்டுவது போன்ற எளிய செயல் அன்று. இரு முனைகளையும் செம்மையாக வெட்டி, நேர் நிறுத்தி, மின்பொறியால் உருக்கி ஒன்றாக்க வேண்டும். அதற்குரிய கருவியும் பயிற்சியும் உடையவர் வரவேண்டும். எனவே ஒரு நிறுவனத்தின் தகுதியை அறிய, எவ்வளவு வேகம் தருகின்றது என்று கேட்பதைவிட, அறுந்தால் எத்தனை நாளில் வந்து ஒட்டுகின்றது என்று அதே வட்டத்தில் வாழ்வாரைக் கேட்பதே அறிவுடைமை. முறையீடு செய்யும்போது அதற்குரிய பதிவெண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். 2012ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைய விதிகளின்படி, முதலில் நிறுவனத்தின் முறையீட்டு மையத்திலும், அங்கே தீர்வு கிட்டாவிடின் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடத்தும் செல்லலாம். பதிவெண் இல்லாத முறையீடு முகவரி இல்லாத மடல் போன்றது.

எடுத்துக்காட்டாகக் கொண்ட குடும்பத்திற்கு மீள்வோம். தந்தையார் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. வினா ஒன்றன்று; இரண்டு. செம்பிலிருந்து கண்ணாடிக்கு மாறுவதா என்பது ஒன்று. பழைய நிறுவனத்திலிருந்து புதிய நிறுவனத்திற்கு மாறுவதா என்பது மற்றொன்று. துண்டறிக்கை இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டித் தந்திருந்தது. முடிச்சை அவிழ்த்தால், பழைய நிறுவனமே கண்ணாடி இழை தருமா என்னும் மூன்றாவது வழி தென்பட்டது.

கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதற்கும் 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வந்தது. வீட்டுத் தொலைபேசிக்கு அவ்வசதி வரவில்லை. ஆகவே புதிய நிறுவனத்திற்குச் சென்றால் பாட்டியாரின் எண் போகும். தந்தையார் பழைய நிறுவனத்தின் அலுவலகத்திற்குச் சென்று வினவினார். அத்தெருவுக்கு இழை வந்துவிட்டதென்றும், அதே எண்ணைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்றும், வேகம் 60 மெகாபிட் வரை என்றும், கட்டணத்தைத் திங்கள்தோறும் செலுத்தலாம் என்றும் கூறினர்.

"புதியவர் 100 தருகின்றாரே! இது குறைவன்றோ?" என்றார் தாயார்.

"நம் வீட்டில் ஒரே வேளையில் இரண்டு திரைகளுக்கு மேல் எரிவதில்லை. உயர்ந்த தெளிவுள்ள காணொளி ஒன்றுக்குப் பத்து மெகாபிட்டுக்கு உட்பட்டே வேண்டியிருக்கும். நூறு வந்தாலும் எண்பது சும்மா கிடக்கும். நீங்கள் சொல்லுங்கள், எத்தனை நாளில் பழுது பார்க்கிறார்கள் என்று எதிர்வீட்டாரைக் கேட்டீர்களே?" என்று தந்தையார் தம் அன்னையை நோக்கி வினவினார்.

"இரண்டு நிறுவனத்தாரும் ஒருநாள் இருநாளில் வந்துவிடுகிறார்களாம்," என்றார் பாட்டியார். மாலைப் பொழுதில் திண்ணைப் பேச்சிலேயே அவர் அச்செய்தியைத் திரட்டியிருந்தார். எந்தத் துண்டறிக்கையிலும் கிட்டாத செய்தி அது.

ஆகவே பழைய நிறுவனத்தின் இழைக்கே மாறுவதென முடிவாயிற்று. ஆனால் எப்போது என்பதிலும் ஒரு கருத்து இருந்தது. கலந்தாய்வுப் பதிவு நடக்கும் வாரத்தில் எந்தக் கம்பியையும் தொடுவதில்லை என்று மகள் கேட்டுக்கொண்டாள். பதிவு தொடங்குதற்கு இரு வாரம் முன்னரே இழை இடப்பட்டது; குறை ஏதேனும் இருப்பின் தெரிந்துகொள்ள அவ்விடைவெளி வேண்டியிருந்தது. மாற்றும் நாளில் இணையம் இன்றியமையாததாயின் பயன்படுத்துதற்கெனத் தந்தையாரின் கைப்பேசி இணைப்பைத் தயாராக வைத்துக்கொண்டனர். இழையைச் சுவர் மூலையில் மடக்காது, வளைவாகவே கொண்டுவரச் செய்தனர்; கூரிய மடிப்பில் ஒளி கசிந்துவிடும். பழைய மோடத்தை அலுவலகத்தில் ஒப்படைத்து, காப்புத்தொகைக்கு உரிய பற்றுச்சீட்டையும் தந்தையார் மறவாது பெற்று வந்தார்.

புதிய நிறுவனத்தின் துண்டறிக்கையை அவர் கிழித்தெறியவில்லை. பண்ருட்டியில் உள்ள தெருவுக்கு அவர்களின் இழை வருமா என்று கேட்டு அதன் பின்புறத்தில் குறித்து வைத்தார். சொந்த வீட்டிற்கு அந்த ஓராண்டுத் திட்டம் ஆதாயமாகவே அமையும். ஊர் மாறும்போது பழைய எண்ணைக் கொண்டு செல்ல இயலாதும் போகலாம். அதற்கு இன்னும் ஒன்பது திங்கள் இருந்தன. தம்பியாரிடம் கொடுத்தனுப்புதற்காகக் கைப்பேசி எண்ணை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தருமாறு பாட்டியார் பேத்தியிடம் சொல்லி வைத்தார்.